மூன்றாவது சேனல்

கருமாத்தூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். டவுசர் பையில், மாமாவின் மைக் செட்டிலிருந்து பிடுங்கிய பன்னிரண்டு பிளாஸ்டிக் கொண்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. ஐம்பது அறுபது அடிக்கு ஒன்றாக எடுத்து ரோட்டோரக் கருவேலங்காட்டுக்குள் வீசிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வீச்சுக்கும் மாமாவை ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். எனக்கு அப்போது எட்டு வார்த்தைகள்தான் தெரியும். ஒன்பதாவது கொண்டைக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

மதுரைக்குப் போகிற டவுன் பஸ் ஒன்று பின்னாலிருந்து வந்து வேகத்தைக் குறைத்தது. படியில் நின்ற கண்டக்டர், "ஏறுறியாடா? வெயில்ல எங்க போற?" என்றார். நான் நடந்துகொண்டே இருந்தேன். கோபமாக இருக்கிறவன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக முடியாது என்று நினைத்தேன். பஸ் போய்விட்டது. அடுத்த கொண்டையை எடுத்து அதன்மேல் எறிந்தேன். அது பஸ் வரைக்கும் போகவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பில் இரண்டு மாதம் முடித்திருந்தேன். மீதியை இன்றுவரை முடிக்கவில்லை. அதற்குப் பிறகு திருப்பூர், ஓசூர், சென்னையில் காய்கறி லாரி, ஒரு மழைக்காலம் முழுக்க மலையாளத்து ரப்பர் தோட்டம் என்று எங்கெங்கோ இருந்துவிட்டேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. சாமான்களை ஒவ்வோர் ஊரிலும் விட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். அந்த மத்தியானக் கோபத்தை மட்டும் எங்கேயும் விட முடியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. உசிலம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் தெரு ஊரின் கடைசித் தெரு. எங்கள் தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அந்தத் தெருவிலிருந்து ஒருவர் மேலத்தெருக் கோயில் மதில்மேல் ஏறி ஸ்பீக்கர் கட்டுகிறார் என்பது எங்களுக்கெல்லாம் பெரிய விஷயம். மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பதை யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், பொங்கலுக்கு மட்டும் வருவார். அதனால் வீட்டில் ஆம்பளை என்று சொல்லிக்கொள்ள மாமாதான்.

மாமாவுக்கு நாலு குமிழ் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் அத்துப்படி. அடித்தால் பாடும், தட்டினால் நிற்கும். கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து, மதுரையில், ஒரு மிக்ஸரை வாங்கி வந்ததிலிருந்துதான் அவருக்குச் சங்கடம். பன்னிரண்டு சேனல். மேலிருந்து கீழே நூற்றுக்கு மேல் குமிழ்கள். அந்தப் பெட்டியின் முன்னால் நிற்கும்போது அவர் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார். ஆனால் விரல் மட்டும் ஒரே ஒரு குமிழைத்தான் தொடும். மற்றதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதுபோல ஒதுங்கியே இருக்கும். "எல்லாம் செட் பண்ணி வச்சிருக்கேன், யாரும் கை வைக்காதீக" என்று எல்லோரையும் விரட்டுவார். அவர் எதையும் செட் பண்ணவில்லை. அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பகல்களில் மாமாவின் சாமான் அறையில் ஒரு மைக்கையும் ஒரு ஸ்பீக்கரையும் மாட்டி, ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. உண்மையில் நூறு குமிழ் இல்லை. ஒரே வரிசைதான், அதைப் பன்னிரண்டு தடவை திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்கள். ஒரு மைக்குக்கு ஒரு வரிசை. அதற்குத்தான் சேனல் என்று பெயர். உச்சியில் இருப்பது கெயின். மைக்கிலிருந்து எவ்வளவு சத்தத்தை உள்ளே வாங்குவது என்பது அதில். அதன் கீழே குரலின் கீச்சையும் கனத்தையும் கூட்டிக் குறைக்க மூன்று குமிழ்கள். அதற்கும் கீழே மானிட்டர் குமிழ். மேடையில் பாடுகிறவரின் காலடியில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு பெட்டியைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அவர் குரல் அவருக்கே கேட்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பெட்டிக்குப் போகிற சத்தம் இந்தக் குமிழில். வரிசையின் அடியில், பிளாஸ்டிக் கொண்டையைப் பிடித்து மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர். ஊருக்குப் போகிற சத்தம் அதில்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு மீதி சட்டென்று விளங்கும். மானிட்டருக்குப் போகிற வாய்க்கால் மடைக்கு முன்பாகவே பிரிந்துவிடுகிறது. ஃபேடர்தான் மடை. மடையை இறுக்கி அடைத்தாலும், முன்னால் பிரிந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதாவது ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டால் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகாது. மேடையில் இருப்பவருக்கோ தன் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டிருக்கும். ஊரே தன்னைக் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இதை முதன்முதலில் ஒரு கல்யாணத்தில் செய்து பார்த்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மைக்கைப் பிடித்துவிட்டார். மூன்று பாட்டு முடிந்தும் விடவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் ஆட்கள் இலையை வைத்துவிட்டுக் காதைப் பொத்தினார்கள். பெண் வீட்டார் மாமாவிடம் வந்து கெஞ்சினார்கள். மைக்கைப் பிடுங்கினால் சம்பந்தி சண்டை. நான் அவருடைய ஃபேடரை மெதுவாக இறக்கினேன். மண்டபம் அமைதியானது. அவர் காலடிப் பெட்டியிலிருந்து வருகிற தன் குரலைக் கேட்டுக் கண்ணை மூடி இன்னும் இரண்டு பாட்டுப் பாடினார். சமையல்காரர்கள்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"மாப்ள, நீ சாதாரண ஆளு இல்லடா. இஞ்சினியருடா நீ!"

அன்று ராத்திரி புரோட்டாக் கடையில் எனக்கு வேண்டிய அளவு வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஒரு வாரம் அந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். செய்தது நான் என்பது இரண்டு மூன்று தடவை சொன்னதும் கதையிலிருந்து கழன்றுவிட்டது. ஊராட்சித் தலைவரிடமும் சொல்லியிருக்கிறார். தலைவர் ரொம்பச் சிரித்தாராம்.

சுதந்திர தினத்தன்று காலையில் கொடியேற்றி, கிராம சபைக் கூட்டம் நடத்தி, அது முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனம் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். நடனம் இருந்ததால் மேடை, மானிட்டர் எல்லாம் உண்டு. அந்த வருஷம் கூட்டத்தில் பேசப் போகிறேன் என்று அம்மா பெயர் கொடுத்திருந்தாள்.

தண்ணீருக்காக. எங்கள் தெருவுக்கு ஆறு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும். இருபத்தெட்டு வீடும் பிடித்து முடிப்பதற்குள் நின்றுவிடும். மற்ற நாட்களில் அம்மாவும் மற்றப் பெண்களும் ஒரு மைல் தள்ளி ஒரு பம்புசெட்டுக்குப் போவார்கள். அங்கே மோட்டார் போடுகிறவனுக்கு மனசு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் நாயை அவிழ்த்து விடுவான். பெரிய தொட்டியிலிருந்து எங்கள் தெருவுக்கு வர வேண்டிய குழாய், வழியில் தலைவரின் தம்பியுடைய தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. தோப்பு பச்சையாக இருந்தது. தொட்டியிலிருந்து நேராகத் தனிக்குழாய் போட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் எழுதிவிட்டால், அதை மேலே கொண்டுபோய்க் கேட்கலாம். தீர்மானத்துக்குக் கை தூக்க ஆள் வேண்டும். அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தாள்.

"நான் மைக்குல கேப்பேன். 'எங்க தெருவுக்குத் தனிக்குழா வேணுமா வேணாமா'ன்னு. கேட்ட ஒடனே அம்புட்டுப் பேரும் கையத் தூக்கிரணும். ஒருத்தி மொகத்த ஒருத்தி பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது, ஆமா."

நாலு நாளாகப் பாத்திரம் விளக்கும்போதெல்லாம் பேசிப் பார்த்தாள். அஞ்சாவது வரை படித்தவள். "வணக்கம்" என்பதை மட்டும் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாள் என்று எனக்குத்தான் தெரியும். சட்டிகளும் நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று காலையில் பந்தலுக்குள் போட்ட நாற்காலிகள் மேலத்தெரு ஆட்களால் நிரம்பிவிட்டன. எங்கள் தெருக்காரர்கள் பந்தலுக்குப் பின்னால் தூரத்தில் புளியமரத்தடியில் நின்றார்கள். அவர்கள் நிற்கிற இடம் எப்போதும் அதுதான். அங்கே நில்லுங்கள் என்று யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவை இல்லாத அளவுக்குப் பழகியிருந்தது. மரத்தின் கிளையில் நானே ஏறி ஒரு கூம்பு ஸ்பீக்கரைக் கட்டியிருந்தேன், அவர்களுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று.

மிக்ஸர் மேடைக்குப் பக்கவாட்டில் இருந்தது. ஒன்றாவது சேனல் தலைவருக்கு. இரண்டு, தீர்மானம் எழுத வந்த அதிகாரிக்கு. மூன்று, பொதுமக்கள் பேசுகிற மைக்குக்கு.

அம்மாவின் பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் மாமா என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"மாப்ள, அக்கா வந்ததும் மூணை எறக்கிரு. மானிட்டர் அப்படியே இருக்கட்டும்."

"எதுக்கு மாமா?"

"அக்காளுக்கு மேடைப் பழக்கம் கெடையாதுடா. பயத்துல கீச்சுனு வரும். ஊரே சிரிச்சிரும். மொதல்ல நீ ஹெட்போன்ல கேளு. நல்லா வந்துச்சுன்னா ஏத்திக்க. எல்லாம் உன் கையிலதான இருக்கு?"

சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் நடனப் பாட்டு எங்கே என்று கேட்க வந்த வாத்தியாரோடு போய்விட்டார்.

அம்மா மேடையேறினாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. நான் மூன்றை இறக்கினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தச் சேனலை மட்டும் கேட்கிற பொத்தானை அமுக்கினேன். ஃபேடர் எங்கே இருந்தாலும் இதில் கேட்கும்.

"எல்லாத்துக்கும் வணக்கம்" என்றாள். கீச்சென்று வரவில்லை. வயலில் வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுப் பழகிய குரல். கெயினைக்கூடக் குறைக்க வேண்டியிருந்தது. பச்சை விளக்குகள் அவள் சொல்லுக்கெல்லாம் ஏறி ஏறி இறங்கின. ஆறு நாள் கணக்கைச் சொன்னாள். பம்புசெட்டு நாயைச் சொன்னாள். அந்தத் தொட்டி கட்டும்போது மண் சுமந்தது எந்தத் தெருப் பொம்பளைகள் என்று கேட்டாள். சட்டிகளிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னாள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் டீக்கடையில் ஒரு குடம் வாங்கினேன் என்றாள். அந்தப் பிள்ளை நான்தான். எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

நன்றாகத்தான் வந்தது. ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். நான் ஏற்றவில்லை.

மாமாவின் கை என் தோளில் இருந்தது, அதனால் பயந்துவிட்டேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் அங்கேயே இல்லை. சின்னப் பையன்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம்தான் வரும். எந்தக் குமிழ் என்ன செய்யும் என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தத் தந்திரம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்துகொண்டிருந்தது. மேடை நாற்காலியில் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார், காலடிப் பெட்டியில் அம்மா பேசுகிறாள், கூம்புகள் ஊமையாகத் தொங்குகின்றன. ஒரு விரலால் இதைச் செய்திருக்கிறேன். அந்த அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புளியமரத்தடியிலிருந்து "கேக்கல! கேக்கல!" என்று குரல் வந்தது. தலைவர் தன் மைக்கை எடுத்தார். அது எல்லாக் கூம்புகளிலும் அதிர்ந்தது.

"அமைதி, அமைதி. அந்தம்மா பேசிக்கிட்டிருக்கு. ஒரு பொம்பள பேசும்போது சத்தம் போடாதீக. பேச விடுங்க."

மரத்தடி அடங்கிவிட்டது. அம்மா தலைவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள், "எங்க தெருவுக்குத் தனிக்குழா வேணுமா, வேணாமா? வேணுங்கறவுக கையத் தூக்குங்க."

பந்தலுக்குள் இரண்டு மூன்று கைகள் எழுந்தன. மரத்தடியில் ஒன்றும் எழவில்லை. அவள் மறுபடியும் கேட்டாள். அதே வார்த்தை, இன்னும் சத்தமாக. என் காதுக்குள் இரைந்தது. இரண்டு கைகளையும் விரித்து அவர்களை நோக்கி நீட்டினாள். தூரத்தில் நின்றவர்களுக்கு அவள் ஏதோ கும்பிட்டுக் கெஞ்சுவதுபோலத்தான் தெரிந்திருக்கும். மூன்றாவது முறை கேட்கும்போது குரல் உடைந்தது.

தலைவர் மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, வாயால் சொன்னார். அம்மாவின் மைக் வழியாக அதுவும் என் காதுக்கு வந்தது. "நான் என்னம்மா பண்ண? ஒன் ஆளுகளே தூக்கலையே."

அதிகாரி எதையோ எழுதினார். அம்மா இறங்கினாள். நான் மூன்றை மறுபடியும் மேலே ஏற்றினேன், நடனத்துக்கு அறிவிப்புச் செய்ய வேண்டியிருந்தது.

சண்டை எங்கள் தெரு முனையில், தண்ணீர் வராத குழாயடியில் நடந்தது. அம்மா வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

"ஒருத்திக்குக்கூடவா கை வெளங்கல? வீடு வீடா வந்து சொன்னேன்ல? மூணு தரம் கேட்டேன்டி, மூணு தரம்!"

பக்கத்து வீட்டு அத்தை விடவில்லை. அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி, பம்புசெட்டுக்கு ஒன்றாகவே போவார்கள். "எங்களுக்கா கேட்ட? மேடையேறி அவுக காதுல குசுகுசுன்னு பேசிப்புட்டு, தலைவருக்கு ஒரு கும்பிடு. அதுக்குத்தான் கல்யாணச் சேலையா? என்ன தாரேன்னாரு, சொல்லு!"

"குசுகுசுன்னா? தொண்ட கிழியக் கத்துனேன்!"

"அவரு பேசுனது கேக்குது. அதிகாரி பேசுனது கேக்குது. நீ பேசுறப்ப மட்டும் எங்களுக்குக் காது செவிடாப் போச்சோ?"

அம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். நான் குழாயடிக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தா, பெட்டிகிட்டயே இருந்தவன். அவன்கிட்டயே கேளுங்க. டேய், நான் பேசுனது கேட்டுச்சா இல்லையா? சொல்லுடா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கண்ணில் ஒரு சந்தேகமும் இல்லை.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

எனக்குக் கேட்டதுதானே. அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அந்த நொடியில் நினைத்தேன்.

"பாத்துக்கங்க. பெத்த பிள்ள பொய் சொல்லுவானா?" என்றாள் அம்மா. அத்தையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, இனிமேல் என் வீட்டுப் படி மிதிக்காதே என்றாள். அத்தை தரையில் துப்பினாள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நடந்தார்கள். அம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் பம்புசெட்டுப் பக்கம் போனாள். அவள் அந்தப் பாதையில் தனியாகப் போய் நான் பார்த்ததில்லை.

நான் கல்லிலிருந்து எழுந்தேன். ஓடினேன். மாமா சாமான் அறையில் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷம்.

"வாடா இஞ்சினியரு! தலைவரு என்னா சொன்னாரு தெரியுமா? இந்த வருசம் கொடை, கட்சிக் கூட்டம், அம்புட்டும் நமக்குத்தான்னுட்டாரு."

"நீ அம்மாகிட்ட வந்து சொல்லு மாமா. வெளிய கேக்கலன்னு சொல்லு. அவுக சண்ட போட்டுக்கிட்டாக."

"சொல்லலாம்" என்றார் வயரைச் சுற்றிக்கொண்டே. "ஏன் கேக்கலன்னு கேப்பா. மைக்க எறக்கிட்டாகன்னு சொல்லலாம். யாரு எறக்குனதுன்னு கேப்பாள்ல மாப்ள? அதுக்கு என்னா சொல்லட்டும்?"

"நீதான எறக்கச் சொன்ன?"

"எனக்கு அந்தப் பெட்டியில ஒண்ணும் தெரியாதுன்னு நீதானடா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்புக்கூட இல்லை அது. கல்யாணத்தில் சிரித்த அதே சிரிப்பு. "நல்லா வந்தா ஏத்திக்கன்னும் சொன்னேன்ல. ஏத்துனியா?"

அவர் கையை அழுந்தக் கடித்தேன். அவர் அறைந்தார். நான் கீழே விழுந்து எழுந்தேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போன நேரத்தில், மிக்ஸரின் ஃபேடர்களிலிருந்து கொண்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பன்னிரண்டும். பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தவன்தான். பம்புசெட்டுப் பாதை எங்கள் ஊர் எல்லையில் ரோட்டோடு சேரும். அந்த இடத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா வந்துகொண்டிருந்தாளா என்று தெரியாது.

மாமாவைப் பாழாக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் கருமாத்தூரைத் தாண்டினேன். கொண்டை போனால் மிக்ஸர் போய்விடாது. அடியில் தகடு நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தள்ளலாம். அடுத்த வாரமே மாமா பேனா மூடிகளைச் செருகி வேலையை நடத்திக்கொண்டார் என்று வருஷங்கள் கழித்துக் கேள்விப்பட்டேன்.

செக்கானூரணியில் கால் கொப்பளித்துவிட்டது. கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கத்தரிக்காய் ஏற்றிய வண்டி ஒன்றில் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டேன். மதுரையில் இறக்கிவிட்ட இடத்திலேயே சாக்குகளுக்கு நடுவில் படுத்தேன்.

விடிந்ததும் மீன் மார்க்கெட் பக்கமாக நடந்தேன். ஐஸ் கம்பெனி ஒன்றில் ஆட்கள் கொக்கி போட்டுப் பாளம் பாளமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தம்பி, வேலையா? எந்த ஊரு?"

சொன்னேன்.

"வீட்ல அம்மா இருக்காகளா?"

"இருக்காக."

"சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டேன் பாய்."

"அல்லாதான் அறிவான்" என்று முனகிவிட்டு, ஒரு கொக்கியையும் ஈரச் சாக்கு ஒன்றையும் தூக்கிப் போட்டார். "சாக்கத் தோள்ல போட்டுக்க. வெறுங்கையால தொடாத, தோல் ஒட்டிக்கும். பெருசுக இழுக்குற மாதிரி இழுக்காத, உன் உசரத்துக்குக் குனிஞ்சு இழு."

குனிந்து இழுத்தேன். முதல் பாளம் நகரவில்லை, இரண்டாவது தடவை வழுக்கிக்கொண்டு வந்து முழங்காலில் இடித்தது. வலிக்கவில்லை, மரத்துப்போயிருந்தது. இந்நேரம் மாமா தலையில் அடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அந்தப் பெட்டியைத் தெரிந்த ஒரே ஒருத்தன் போய்விட்டானே என்று தெருத்தெருவாகத் தேடுவார், சாயங்காலத்துக்குள் மதுரைக்கே வந்து நிற்பார், வந்தாலும் போகக் கூடாது. அப்படி நினைக்க நினைக்கக் கையில் பலம் கூடியது. பத்துப் பாளம் இழுத்தேன். பாய் நல்லா இழுக்கிறான் என்று யாரிடமோ சொன்னார்.

மாமா தேடவில்லை. ஏன் தேட வேண்டும்? அம்மா என்ன பேசினாள் என்று முழுக்கக் கேட்டவனும், அது வெளியே போகவில்லை என்று குழாயடியில் நின்று சொல்லக்கூடியவனும் ஒரே ஆள்தான். அந்த ஆள் தானாகவே நடந்து ஊரைவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. மாமாவைத் தண்டிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பதினொன்றாவது பாளத்தில் கொக்கியை மாட்டினேன்.